மலாக்காவில் ஓடிய ஒரு மைல்

மலாயா மண்ணில் நான் முதன்முதலாக ஓடியது ஒரு பஸ்ஸைத் துரத்திக்கொண்டு.

அலோர் காஜாவைத் தாண்டியதும் பஸ்ஸின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. சீன டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து பார்த்தார். தினமும் நடப்பதுதான் என்கிற முகத்தோடு ஒரு தகர டின்னை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனார். நம்மூராக இருந்தால் இதற்குள் நாலு பேர் அவருக்கு யோசனை சொல்லி, இரண்டு பேர் சண்டைக்கே போயிருப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கி, ஆளுக்கொரு இலைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். இதுதான் சமயம் என்று நான் ரப்பர் மரங்களுக்குள் கொஞ்சம் தள்ளிப் போய் ஒதுங்கினேன். திரும்பி வந்து பார்த்தால் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். சூடு தணியாத பஸ்ஸும் ஊர்ந்துதான் போனது. அப்படியும் பிடிக்க முடியவில்லை. நூறு கஜத்தில் மூச்சு வாங்கியது, இருநூறு கஜத்தில் விலா பிடித்துக்கொண்டது. கடைசி இருக்கையில் இருந்த ஒரு மலாய்க்கார அம்மாள் கூச்சல் போட்டிருக்காவிட்டால் இந்தக் கட்டுரையை ரப்பர் தோட்டத்திலிருந்துதான் எழுதியிருப்பேன். நான் ஏறி உட்கார்ந்ததும் அந்த அம்மாள் என்னவோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. தமிழ்க் கண்டக்டர் மொழிபெயர்த்தார்: "இந்த வயசுல எதுக்குங்கய்யா ஓட்டம், கையத் தட்டியிருந்தா நிறுத்தியிருப்பாங்களேன்னு சொல்லுது." ஆறுதலுக்காக அம்மாள் ஒரு கொத்து ரம்புத்தான் பழம் கொடுத்தாள்.

நானும் சிரித்தேன். ஆனால் மலாக்காவில் எனக்காகக் காத்திருந்த நெய்னா முகம்மது, நான் ஒரு மைலை ஏழே முக்கால் நிமிடத்தில் ஓடுகிறவன் என்று நம்பிக்கொண்டிருந்தார். அப்படி நம்பும்படி எழுதியவன் நான்.

நானும் நெய்னாவும் நாகப்பட்டினத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். பள்ளிக்கூடம் விட்டதும் கடற்கரையில் கலங்கரை விளக்கம் வரை பந்தயம் ஓடுவோம். பத்தொன்பது வயதில் அவர் கப்பலேறினார்; மலாக்காவில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தக் கடை வைத்தார். நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, ஊராருடைய பத்திரங்களை ஓர் எழுத்துப் பிசகாமல் நகலெடுத்தே முதுகு வளைந்தேன். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் கடிதம் போட்டுக்கொள்வதோடு சரி.

ஐம்பத்திரண்டு வயதில் டாக்டர் சர்க்கரை வியாதி என்று பயமுறுத்தி நடக்கச் சொன்னார். நடந்து அலுத்துப்போய், ஒரு நாள் இரண்டு தந்திக் கம்பங்களுக்கு நடுவே ஓடிப் பார்த்தேன். அடுத்த கம்பம் வரை நடை, அதற்கடுத்தது வரை ஓட்டம். வாரத்துக்கு ஒரு கம்பம் கூட்டினேன். ஒரு நாள் ஓடினால் மறுநாள் கால்களுக்கு விடுமுறை. நாலு மாதத்தில் ஒரு மைலை நிற்காமல் ஓடினேன். "யார் துரத்துறாங்க சார்?" என்று தெருவில் கேட்காத ஆளில்லை. இதையெல்லாம் நெய்னாவுக்கு எழுதினேன். தொப்பையைத் தடவிச் சிரித்ததாகப் பதில் எழுதியவர், மறு மாதமே தானும் ஓட ஆரம்பித்துவிட்டார்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. மாதம் ஒரு முறை, அளந்து வைத்த ஒரு மைலை ஓட வேண்டும். ஆன நேரத்தைக் கடிதத்தின் தலையில் எழுத வேண்டும். அவர் பிஸ்மில்லாவுக்கு அடையாளமாக 786 போட்டு அதற்குக் கீழே எழுதுவார். நான் பிள்ளையார் சுழி போட்டு அதற்குக் கீழே எழுதுவேன். இதற்கு மேல் சாட்சி வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

முதல் பன்னிரண்டு கடிதங்கள் சத்தியம். பதின்மூன்று நிமிடத்தில் தொடங்கி, பத்தரைக்கு வந்து நின்றேன். எப்போதும் நான்தான் முன்னால். பிறகு என்ன செய்தும் பத்தரை இறங்கவில்லை. அந்தச் சமயத்தில் நெய்னாவின் கடிதம் வந்தது: 786, கீழே பத்து நிமிடம். எனக்குக் கோபம் வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. பிள்ளையார் சுழியைப் போட்டேன். அதன் கீழே ஒன்பதே முக்கால் என்று எழுதினேன். அடுத்த மாதம் ஓடி நிஜமாக்கிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மாதம் அவர் ஒன்பதரைக்கு வந்துவிட்டார். நான் ஒன்பதேகால் எழுதினேன். இப்படியே நாலு வருடம். இதில் இன்னொரு கேடு என்னவென்றால், காகிதத்தில் ஓடக் கற்றுக்கொண்ட பிறகு தரையில் ஓடுவது குறைந்துபோயிற்று. எழுதினால் போதும் என்கிறபோது விடியற்காலையில் எவன் எழுந்திருப்பான்? கடைசியாக நான் எழுதியது ஏழே முக்கால். அவர் எழுதியது எட்டு நிமிடம் இருபது வினாடி.

அண்ணன் மகளைச் சிரம்பானில் அவள் கணவனிடம் கொண்டு சேர்ப்பதற்காகத்தான் நான் மலாயா வந்தேன். அந்தக் காரியம் முடிந்தது. கப்பலுக்கு ஆறு நாள் இருந்தது. நெய்னாவைப் பார்த்ததும் முதல் வேலையாக உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் ரம்புத்தானை உரித்தபடி முடிவு செய்தேன்.

பஸ் நிலையத்தில் அவர் கைத்தடியோடு நின்றார்.

"வாரும்ங்கனி சபாபதி! என்னங்கனி இது, ஓடுற ஆளுக்கு இம்புட்டு வயிறா?" என்று தழுவிக்கொண்டார். முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறோம். அவர் வயிறு ஒட்டி, கன்னம் இறுகி, என்னைவிடப் பத்து வயது குறைந்தவராகத் தெரிந்தார். வலது முழங்காலில் மட்டும் உடுத்தியிருந்த சாரத்துக்கு மேலே தெரியும்படி கட்டு தடித்திருந்தது.

"காலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. சின்ன வலி. வாரும், பசியாறிட்டுப் பேசுவோம்."

பேச்சா என்னும் மூன்று சக்கர வண்டியில் போனோம். நம்மூர் ரிக்ஷாவில் வண்டிக்காரர் நமக்கு முன்னால் இருப்பார். இங்கே பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கிறார், ஆகவே பேச்சில் அவரும் கலந்துகொள்கிறார். சுதந்திரம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மெர்டேக்காவுக்குக் கட்டிய கொடிகள் பல கடைகளில் இன்னும் தொங்கின. மழையில் சாயம் இறங்கியிருந்தது. கஜா பேராங் சாலையில் ஒரு சின்ன ஏற்றம் வந்தது. வண்டிக்காரருக்கு எழுபது வயதிருக்கும். எனக்கு மனம் கேட்காமல் இறங்கி நடந்தேன். அவர் மலாயில் சொன்னதை நெய்னா சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார்: "ஜப்பான்காரன் காலத்துலேர்ந்து மிதிக்கிறாராம். இதுவரைக்கும் எத்தனை நிமிஷம்னு யாரும் கேட்டதில்லையாம்."

நெய்னாவின் வீடு கம்போங் செட்டி என்கிற குடியிருப்பை ஒட்டி இருந்தது. அவர் மனைவி ரஹ்மா கிளேபாங்கைச் சேர்ந்தவர். தகப்பனார் நம் பக்கம், தாயார் மலாய். மதியம் அசாம் பெடாஸ் என்கிற மீன் குழம்பு வைத்திருந்தார். புளியும் மிளகாயும் நம்முடையவைதான், ஊடே ஏதோ பூவின் வாசனை வருகிறது. தொட்டுக்கொள்ள, பெலாச்சான் என்னும் இறால் விழுதை அரைத்த துவையல். வாசனை முதலில் ஆளைத் தள்ளியது. மூன்றாவது கவளத்தில் நானே கிண்ணத்தைக் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

நெய்னா தொழுகைக்குப் போனதும் ரஹ்மா தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னார். "அண்ணே, அவரு ஒங்ககிட்ட சொல்ல மாட்டாரு. முட்டியில ஜவ்வு போச்சு. இனிமே ஓடவே கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு லா."

"எப்படி ஆச்சு?"

"ஒங்க காயிதம் வந்துச்சுல்ல, ஏழே முக்காலுன்னு. அன்னையிலேர்ந்து காலையில ஒருக்கா, அந்திக்கு ஒருக்கா. மழையிலயும் நிக்கல. குன்று மேல ஏறி ஏறி ஓடுனாரு. ஒருநா எறங்கறப்ப வழுக்கிடுச்சு. ரெண்டு நாளு விட்டு ஓடுங்க அபாங்னு சொன்னேன், கேக்கல. சபாபதி மட்டும் எப்படி ஓடுறாருன்னே கேட்டுக்கிட்டு இருந்தாரு."

அவர் குறை சொல்லவில்லை. குழம்பு எப்படி இருந்தது என்று கேட்கிற குரலில்தான் சொன்னார்.

மறுநாள் கடைக்கு அழைத்துப் போனார். ஜாலான் துக்காங் எமாஸ், நம் கணக்கில் தட்டார் தெரு. ஒரே தெருவில் விநாயகர் கோயிலும் இருக்கிறது, பள்ளிவாசலும் இருக்கிறது. பள்ளிவாசலுக்கு அடுக்கடுக்கான கூரை. மினாராவைப் பார்த்தால் சீனக் கோபுரம் போல இருந்தது. நம்மூரில் ஒரு தெருவில் இரண்டும் இருந்தால் ஊர்வலத்துக்கு ஊர்வலம் போலீஸ் நிற்கும். இங்கே கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு நான் உள்ளே போக, நெய்னா அந்தச் செருப்புக்குக் காவலாக நின்றார். உள்ளே போன பிறகுதான் சாமியின் பெயரைக் கேட்டேன். பொய்யாத விநாயகர். தலை தூக்கிப் பார்க்கத் தைரியமில்லாமல் திருநீற்றை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கடையில் சாரமும் பாத்திக் துணியும் கூரை வரை அடுக்கியிருந்தன. கல்லாவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் வளைகம்பி தொங்கியது. அதில் என் கடிதங்கள் எல்லாம் குத்தப்பட்டிருந்தன. சுழியும் எண்ணும் வாடிக்கையாளர் பக்கம் தெரிகிற மாதிரி.

"இவருதான்!" என்றார் நெய்னா, துணி எடுக்க வந்த ஒரு சீனரிடம் மலாயில். அடுத்து நகை வேலை செய்கிறவரிடம். அடுத்து எதிர்க் கோப்பிக் கடைக்காரரிடம். என் பெயரை யாருக்கும் சொல்லவில்லை. ஏழே முக்கால் என்று மட்டும் சொன்னார். கோப்பிக் கடைக்காரர் காசு வாங்க மறுத்து, தேங்காய்ப்பாலும் முட்டையும் கிளறிய இனிப்பைத் தடவி ரொட்டி கொடுத்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் அந்த ரொட்டி வந்தது. தின்றேன்.

அன்று மாலை நெய்னாவின் அண்டை வீட்டுக்காரர் வந்தார். செட்டி வம்சத்தவர், பெயர் ரெத்தினம். பாக் ரெத்தினம் என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். நெற்றி நிறையத் திருநீறு. அதைப் பார்த்து ஆசையாகத் தமிழில் பேசினேன். அவர் கை கூப்பிச் சிரித்துவிட்டு மலாயில் பதில் சொன்னார். நூற்றாண்டுகளுக்கு முன் வந்த குடும்பங்கள். சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். இடையிடையே 'மாமா', 'தம்பி' என்று நம் சொல் ஒன்று எட்டிப் பார்க்கும். மராமத்து இலாகாவில் சங்கிலி பிடித்துச் சாலை அளந்தவர் அவர். நெய்னாவின் மைலை அளந்து கொடுத்ததும் அவரே: கம்போங் நுழைவாயில் வளைவிலிருந்து சுண்ணாம்பு அடித்த தென்னை மரம் வரை அரை மைல், திரும்பி வர அரை மைல்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து ஏதோ சொன்னார். நெய்னாவின் முகம் மாறிப்போயிற்று.

"என்ன சொல்றார்?"

"நாலு வருசமா இதான் சொல்றாரு. காயிதத்துல நானும் ஓடுவேன்னு. ஐம்பத்தேழு வயசுல ஒருத்தன் இப்படி ஓட முடியாது, ஒம்ம கூட்டாளி ஒம்மள ஏமாத்துறாருன்னு. பள்ளியில படிச்ச காலத்துலேர்ந்து எனக்குத் தெரியும், அந்த மனுசன் பொய் எழுத மாட்டாருன்னு நான் சொல்லியிருக்கேன்." தடியால் தரையைத் தட்டினார். "ஞாயித்துக்கிழமை நீரு ஓடும்ங்கனி. எல்லாரும் பாக்கட்டும்."

மூன்றாம் நாள் கிளேபாங்குக்குக் கூட்டிப் போனார். ரஹ்மாவின் தம்பி வீட்டில் சாப்பாடு. பிறகு கடலோரம் ஒரு மரத்தடியில் செண்டோல் வாங்கிக் கொடுத்தார். தேங்காய்ப்பாலில் பச்சைச் சேவை மாதிரி ஏதோ மிதக்க, மேலே கருப்பட்டிப் பாகு போன்ற ஒரு சர்க்கரை. நாகப்பட்டினத்துக் கடல் மாதிரி இது கத்தாது. அலை வந்த சுவடே தெரியாமல் வந்து போனது. நீரோரம் மணல் இறுகி, ஓடுவதற்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. நெய்னா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெய்னா, ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"நான் மொதல்ல சொல்லிக்கிறேன். எம்மவன் சிங்கப்பூர்ல போயி ஒக்காந்துட்டான். கடையில ஒக்காந்து ஒக்காந்து, வாப்பா மவுத்தாயி அடக்கமான வயசு எப்ப வரும்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். அப்பதான் ஒம்ம காயிதம். கந்தூரிக்குக் காத்திருக்குற புள்ள மாதிரி மாசாமாசம் காத்திருப்பேன். ஒருநாளாச்சும் ஒம்மள முந்தணும்னு இருந்துச்சு. முந்தல. பரவால்ல. ஒம்மளாலதான் ஓடுனேன்." கோப்பையின் அடியில் இருந்த சர்க்கரையைக் கரண்டியால் வழித்தார். "நீரு என்ன சொல்ல வந்தீரு?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் எழுதிய பொய்கள் நாற்பத்தெட்டு என்றால், அந்த 'ஒண்ணுமில்ல' நாற்பத்தொன்பதாவது. அதுதான் எல்லாவற்றிலும் கேவலமானது. அவர் கண்ணெதிரே வந்து, அவர் வாங்கிக் கொடுத்ததைத் தின்றுகொண்டு சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே கம்போங் வளைவின் கீழே முப்பது பேர் கூடிவிட்டார்கள். செட்டிப் பெண்கள் கெபாயா சட்டையும் சாரமும் உடுத்தி, பூசைத் தட்டோடு வந்திருந்தார்கள். பாக் ரெத்தினம் முதலில் என் நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் தொட்டுத் திரும்புவதற்குச் சாட்சியாக அவர் மருமகன் தென்னை மரத்தடிக்குப் போயிருந்தார். அமுக்கினால் நிற்கிற கடிகாரம் ஒன்றை நெய்னா சிங்கப்பூரிலிருந்து இதற்கென்றே வரவழைத்து வைத்திருந்தார். அது அவர் கையில் இருந்தது. வேறு யாரிடமும் கைக்கடிகாரம் கிடையாது என்பதை அப்போதே கவனித்துவிட்டேன். அந்தப் புத்தி எனக்கு இன்னும் போகவில்லை.

நெய்னா தன் ஓட்டச் சப்பாத்தை எனக்கு மாட்டிக்கொள்ளக் கொடுத்தார். கான்வாஸ் சப்பாத்து, வலது காலின் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது.

"எம் பேரைக் காப்பாத்தும்" என்று காதோடு சொல்லிவிட்டு, ஓட்டத்தைத் தொடங்கக் கையை உயர்த்தி இறக்கினார்.

ஓடினேன். கடவுள் அறிய, என்னால் முடிந்தவரை ஓடினேன். முதல் நூறு கஜம் கைதட்டலிலேயே போய்விட்டது. அங்கே செய்தேன் முட்டாள்தனம்; தொடக்கத்தில் அவசரப்படக்கூடாது என்று நானே நெய்னாவுக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். மரவீடுகள், ஒரு வேலி நிறையச் செம்பருத்தி, சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்த ஒரு பால்காரர், எல்லாம் மெதுவாகப் பின்னால் போயின. தென்னை மரத்தைத் தொட்டபோதே வாய் உலர்ந்து உப்புக் கரித்தது. திரும்பி வரும்போது ஒரு கோழி எனக்கு முன்னால் சாலையைக் கடந்தது, அவசரமே இல்லாமல். இரண்டு இடத்தில் நடந்தேன். இரண்டு இடத்திலும் யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

வளைவு தெரிந்தது. அதன் கீழே நெய்னா தடியை மறந்துவிட்டு இரண்டு காலில் நின்றிருந்தார். ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் என்மேல். கிட்டே வர வர அவர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். என்னையே பார்த்தார். தாண்டினேன், அவர் பொத்தானை அமுக்கினார், நான் வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். முப்பது பேரும் நெய்னாவைப் பார்த்தார்கள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏழு நிமிசம் நாப்பத்தெட்டு!" என்று மலாயிலும் தமிழிலும் கத்தினார். "ஊரு புதுசு, மூணு வினாடி கூடிப்போச்சு!"

ஆரவாரம். யாரோ என் கழுத்தில் துண்டைப் போட்டார்கள், யாரோ இளநீர் கொடுத்தார்கள். பாக் ரெத்தினம் எழுந்து வந்து நெய்னாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தன் சந்தேகத்துக்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். பிறகு காலடியில் கிடந்த மூன்று சிகரெட் துண்டுகளைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார். ரஹ்மா அதை எனக்குத் தமிழில் சொன்னார்: "ஏழு நிமிசம் இம்புட்டு நீளம்னு இத்தன வயசுக்கு எனக்குத் தெரியாமப் போச்சேங்கறாரு."

எல்லோரும் கலைந்த பிறகு நானும் நெய்னாவும் மதகுக் கட்டையில் உட்கார்ந்தோம். அவர் கடிகாரத்தை என் உள்ளங்கையில் வைத்தார். முள் பதினொன்றேகாலில் நின்றிருந்தது.

"எந்தக் காயிதத்துலேர்ந்து?" என்று கேட்டார்.

"மொத பன்னண்டும் நிஜம். பதிமூணாவதுலேர்ந்து."

"பதிமூணாவது... அது நான் பத்து ஓடுன மாசம்."

"ஆமா."

"அன்னிக்கு நீரு எவ்வளவு ஓடுனீரு?"

"பத்தரை."

அவர் விரலை மடக்கி என்னவோ கணக்குப் போட்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் குரல் தணிந்துதான் வந்தது.

"அப்ப அன்னிக்கு நான் முந்திட்டேன்."

"அன்னிக்கு மட்டும் இல்ல, நெய்னா. அதுக்கப்புறம் எல்லா மாசமும் நீருதான் முந்தி."

"நாலு வருசம்."

"நாலு வருசம்."

கட்டுப் போட்ட முழங்காலைத் தடவிக்கொண்டு சாலையைப் பார்த்தார், அந்தத் தென்னை மரம் இருக்கிற திசையில். "எனக்குத் தெரியாமப் போச்சேங்கனி" என்றார். "ஒருநாளாச்சும் சந்தோசப்பட்டிருப்பேன்ல."

அவர் காலைக் கெடுத்தது பெரிய பாவம் என்று மூன்று நாளாக நினைத்திருந்தேன். அதைவிடப் பெரியதைச் செய்திருக்கிறேன் என்று அந்தக் கட்டையில் உட்கார்ந்துதான் தெரிந்தது. முன்னால் ஓடிக்கொண்டிருந்த மனிதரை, பின்னால் கிடந்த என்னைத் துரத்தும்படி செய்திருக்கிறேன்.

"இப்பவே போயி எல்லார்கிட்டயும் சொல்றேன்" என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தார். "ஒக்காரும். நானும்தான் இப்ப பொய் சொல்லிட்டேன்ல. எம் பொய்யையும் சேத்துல்ல அவுத்துப் போடணும். இன்னிக்கு வேணாம்." பிறகு தடியை ஊன்றி எழுந்து, "வாரும், பசியாறுவோம்" என்றார்.

மீதி நாட்களில் அவர் ஓட்டத்தைப் பற்றிப் பேசவே இல்லை. சாப்பாட்டிலும் உபசரிப்பிலும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஊருக்கு எடுத்துப் போக ரஹ்மா டோடோல் கட்டிக் கொடுத்தார். நம் அல்வாவைப் போல இருக்கிறது, பல்லில் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக ஒட்டுகிறது. கடைக்குப் போனபோது கல்லாவுக்குப் பின்னால் அந்த வளைகம்பி மட்டும் தொங்கியது. கடிதங்களைக் காணவில்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை.

பஸ் நிலையத்துக்குத் தடியோடு வந்தார். "அடுத்த மாசம் காயிதம் போடும். நிசமா என்ன வருதோ அதைப் போடும்" என்றார்.

"நீரு?"

சிரித்தபடி முழங்காலைத் தடியால் தட்டிக் காட்டினார். பஸ் கிளம்பிவிட்டது.

ஊருக்கு வந்த மறுவாரமே பழைய தந்திக் கம்பத்தடியில் போய் நின்றேன். கம்பத்துக்குக் கம்பம், நடையும் ஓட்டமுமாக, மறுபடி முதலிலிருந்து. இரண்டு நாளைக்கு ஒரு முறை. பதினொன்றேகால் மூன்று மாதத்தில் பத்து நிமிடம் ஐம்பது வினாடி ஆயிற்று. இந்த வயதிலும் கால்கள் கற்றுக்கொள்கின்றன. ஐந்து வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம்தான், நடுவில் நான்தான் அவற்றை நம்பாமல் விட்டுவிட்டேன். பிள்ளையார் சுழி போட்டு, உள்ளதை எழுதி அனுப்புகிறேன். அவரும் தவறாமல் பதில் போடுகிறார். 786 இருக்கிறது. மழை, கடை, ரஹ்மாவின் சமையல் எல்லாம் இருக்கிறது. 786க்குக் கீழே நிமிடம் எழுதும் இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதும். ஆனா நான் கடியாரத்தைப் பாத்துச் சொன்ன பொய்யையும் விடாம எழுதும்" என்று பதில் வந்தது. எழுதிவிட்டேன்.

மலாக்காவில் இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். கஜா பேராங்கில் கம்போங் வளைவுக்குப் பக்கத்தில் பாக் ரெத்தினம் என்று ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, மலாயில் சொல்லுங்கள். அவர் அளந்து கொடுத்த அந்த மைலில் நாலு வருடம், ஒரு மாதம் தவறாமல் ஜெயித்தவர் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் நெய்னா முகம்மது. அப்புறம், ஏழு நிமிடம் ஒன்றும் அவ்வளவு நீளமில்லை. அன்று அவர் உட்கார்ந்து காத்திருந்தது பதினொன்றேகால் நிமிடம் என்றும் சொல்லிவிடுங்கள்.